இருநூற்றுப் பதினாலு சௌந்தரம்

சிதம்பரம் மேலவீதியில், ஜவுளிக்கடை மாடியிலிருந்த கூடத்தை ஓவியர் குழு ஒன்று கண்காட்சிக்காக இரண்டு வாரத்துக்கு எடுத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் படம் போடுகிற யாரும் தன் முகத்தைத் தானே வரைந்து கொண்டுவரலாம், ஆளுக்கு ஒரு படம் என்று அறிவிப்பு. எதை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு சபாபதிக்கு. கடலூரில் டிராயிங் மாஸ்டர். நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய சுவரில் தன் படத்தையே மாட்டிக்கொண்டார். தூரிகை பிடித்த கையும் முகமுமாக, பதினோரு மாத உழைப்பு. நிஜத்தில் ஐம்பத்து மூன்று வயது; படத்தில் நாற்பதைத் தாண்டாது.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண் துணிப்பையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"குறிஞ்சிப்பாடிலேர்ந்து வரேன் சார். பேரு சௌந்தரம். பஸ்ஸு கெடைக்காம லேட்டாயிடுச்சு."

பையிலிருந்து எடுத்தது ரப்பர் பேண்டு போட்ட தாள்கட்டு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் நீலப் பேனாவில் அவள் முகம்.

"இது எத்தன?"

"எரநூத்திப் பதினாலு."

"ஆளுக்கு ஒன்னுதாம்மா. நல்லதா ஒன்னு எடுத்துக் குடுங்க."

அவள் கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒன்னு மட்டும் வச்சா அது நான் இல்லீங்களே சார்."

சபாபதிக்குக் கோபம்தான் வந்தது. அனுப்பிவிடலாம் என்று நினைத்தபடியே மேலிருந்த நாலைந்து தாளைப் புரட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் தாள்களில் கொண்டை கனத்த முகம். பத்துப் பதினைந்து தாள் தள்ளி முடி கொட்டத் தொடங்கியிருந்தது. பிறகு மொட்டைத் தலை. ஒருநாள் புருவமே இல்லை. மறுநாள் தாளில் மீசை கணக்காக அடர்ந்த புருவம்.

"இது என்னம்மா?"

"மார்புல கட்டின்னு ஒரு வருஷம் வைத்தியம் சார். புருவமும் போயிடுச்சு. அன்னைக்கு ஆசையா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்." அவளே சிரித்தாள்.

வாய்ப்புண்ணில் வீங்கிய உதடு இருந்தது. யார் மேலோ கோபமாக முறைத்த முகம் இருந்தது. அழுத முகம் ஒன்று, மூக்குநுனியில் தொங்கிய துளி உட்பட. எதையும் அவள் குறைத்துப் போடவில்லை, கூட்டியும் போடவில்லை. கடைசித் தாள்களில் குட்டை முடி எழுந்து நின்றது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு 'பார்த்து வரை, பார்த்து வரை' என்று சொன்ன சபாபதிக்கு, பார்ப்பது என்றால் என்னவென்று கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

எழுந்து போய்த் தன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். கூட வேலை பார்த்துக்கொண்டிருந்த பிரிசில்லா பதறிப்போய் ஓடிவந்தாள்.

"சார், உங்க படம்?"

"மாடிப்படி ஓரமா மாட்டிக்கலாம். குண்டூசிப் பெட்டியக் கொண்டாங்க."

பொழுது சாயும்வரை மூன்று பேருமாகத் தேதி வரிசையில் குத்தினார்கள்.

மறுநாள் வந்தவர்கள் அந்தச் சுவரை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல நடந்து பார்த்தார்கள். கடைசித் தாளுக்குப் போனவர்கள் மறுபடியும் முதல் தாளுக்கு வந்தார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா அந்தப் புருவத் தாளின் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சபாபதி தூரத்தில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை வருமோ என்று பயந்தவருக்கு, மனசு நிறைந்துதான் இருந்தது.

கூட்டம் குறைந்ததும் சௌந்தரம் தேடிப்போய் மாடிப்படியோரம் அவர் படத்தின் முன் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சபாபதி பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பக்கத்தில் போய் நின்றார்.

"கை ரொம்ப நல்லா வந்துருக்கு சார். நரம்பு எல்லாம் அப்படியே இருக்கு."

முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சபாபதி படத்திலிருந்த தன் இளம் முகத்தைப் பார்த்தார். பிறகு படிக்கட்டே அதிரும்படி சிரித்தார்.

"கையத்தாம்மா நான் நெசமா பார்த்தேன்" என்றார்.