பதினான்காவது பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்பில் சார், "ஏழாவது பயிற்சியை யார் முடிச்சீங்க?" என்று கேட்டபோது, "இன்னும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் முடித்துப் பல நாளாகிறது. இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று பென் டிரைவில் வைத்திருக்கிறேன். சரிபார்க்கும்போதெல்லாம் சரியாகவே வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. எனக்கு ஒன்று இவ்வளவு சுலபமாக வராது.

பயிற்சி இதுதான். ஒரு நூலகத்தில் அச்சாகும் சீட்டுகளில் சிலருக்குச் சரியான பெயர் வருகிறது, சிலருக்கு வேறு ஆளின் பெயர் வருகிறது. காரணத்தைக் கண்டுபிடித்து நிரலைத் திருத்த வேண்டும். சார் ஒரு சின்ன மென்பொருள் குழுவில் பகலில் வேலை செய்கிறார், மாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் வேறு யாரும் இதை முடிக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிற, நாங்கள் 'முந்திரிக்கொட்டை' என்று கூப்பிடுகிற பையன்கூட இந்த முறை கையை மேசைக்கடியில் வைத்திருந்தான். அவனாலேயே முடியாதபோது நான் முடித்திருப்பேனா என்ன?

கடை விஷயத்தையும் எழுத வேண்டும்.

பகலில் சித்தியின் சலவைக் கடையில் கவுன்ட்டர் என் பொறுப்பு. சித்தப்பா வாஷிங் மெஷின்களையும் இஸ்திரியையும் பார்த்துக்கொள்கிறார். எங்கள் பெரிய வாடிக்கை ஒரு முதியோர் இல்லம். அங்கே இருக்கும் ஒவ்வொருவரின் துணியும் தனித்தனிப் பையில் வரும். செயலியில் ஆளின் பெயரைத் தொட்டுத் துணியைப் பதிந்தால், வெறும் எண் போட்ட சிறு டேக்குகள் அச்சாகும். அவற்றைத் துணியில் குத்துவோம். எல்லாவற்றையும் ஒன்றாகத் துவைத்துக் காயவைத்த பிறகு, எந்த எண் யாருடையது என்று செயலி சொல்லும். அதன்படி பொட்டலம் கட்டி, பெயர் ஒட்டி அனுப்புவோம்.

சில வாரங்களாகச் செயலி சொல்லும் பெயர்கள் தப்பு. ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகிறது. முதலில் நான்தான் டேக்கை மாற்றிக் குத்துகிறேன் என்று நினைத்தேன். சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். "பகல்ல துணி, ராத்திரி படிப்புன்னா மூளை எங்கேடி நிக்கும்?" என்று திட்டினாள். நான் ஒவ்வொரு டேக்கையும் இரண்டு முறை பார்த்துக் குத்தினேன். அப்படியும் மாறியது. கடைசியில் செயலிக்காரர்களுக்கே எழுதினோம். பதில் வந்தது: 'இது எங்களுக்குத் தெரிந்த குறைதான். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"பொறுமைக்கு நன்றியா?" என்றாள் சித்தி. "நான் எப்பப் பொறுமையா இருந்தேன்?"

தெரிந்த குறையாம். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றுக்காக நான் இத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இன்று அந்த அடுத்த அப்டேட் வந்தது. திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. 'கண்ணுக்கு இதமான புதிய தோற்றம்' என்று ஒரு அறிவிப்பு. பெயர்கள் முன்போலவே தப்பு.

"குதிரையைக் காணோம்னு சொன்னா லாயத்துக்குச் சாயம் அடிக்கிறானுங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "கறுப்பு நல்லதுதானே. அழுக்கு தெரியாது."

"நீங்க சும்மா இருங்க. அவனுங்க மேல இருக்கற கோபம் உங்க மேல விழுந்துடப் போகுது."

மார்ச் 6, வியாழன்

இல்லத்திலிருந்து வழக்கமாக ஓட்டுநர்தான் வருவார். இன்று இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனே வந்தார். கையில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். எங்கள் பொட்டலத் தாள் இன்னும் அதைச் சுற்றியிருந்தது.

"இதுல இருக்கற பேரைப் படிங்க" என்றார் சித்தியிடம்.

சித்தி படித்தாள்.

"அந்தப் பேருக்கு ஆள் இல்லம்மா. போன மாசமே தவறிட்டார். பேரை எடுத்துடுங்கன்னு போன் பண்ணிச் சொன்னேனே."

நான்தான் அந்தப் பெயரை நீக்கினேன். உடனே திரையில் தேடிப் பார்த்தேன். இல்லை. நீக்கியது நீக்கியபடிதான் இருக்கிறது. பிறகு எப்படிப் பொட்டலத்தில் வந்தது?

"அவர் சம்சாரமும் எங்க இல்லத்துலதான் இருக்காங்க" என்றார் மேட்ரன். "புதுசா வந்த பொண்ணு, பேரைப் பார்த்துட்டு இதை அவங்க கையில குடுத்துடுச்சு. அவங்களுக்கு ஏற்கெனவே ஞாபகம் வந்து வந்து போகும். பிரிச்சுப் பார்த்துட்டு, 'இது அவரோடது இல்லையே, அவர் எங்கே?'ன்னு கேட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் வாசல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஸ்வெட்டரோட சொந்தக்காரர் பக்கத்து அறையில போர்வையைச் சுத்திக்கிட்டு இருமிக்கிட்டு இருக்கார்."

உள்ளே ஒரு இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை வர்ற மூட்டைதான் கடைசி வாய்ப்பு. அதுல ஒரு சாக்ஸ் மாறினாலும் நாங்க வேற கடை பார்த்துக்கறோம். கோபத்துல சொல்லல." வாசல் வரை போய்த் திரும்பினார். "இல்ல, கோபத்துலதான் சொல்றேன்."

இல்லம் போனால் கடை போய்விடும். அவர்களை நம்பித்தான் சித்தி பெரிய மெஷினை வாங்கிப் போட்டாள். சட்டை இஸ்திரிக்கு வருகிற நாலு பேரை வைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது.

செயலிக்காரர்களுக்குத் தொலைபேசி எண் கிடையாது. எழுதுவதற்கு ஒரு கட்டம் மட்டும் உண்டு. சித்தி என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நான் சொல்றேன், நீ அடி. நடுவுல இலக்கணம் பார்த்து ஒரு வார்த்தை மாத்தினியோ, கையை ஒடிச்சுடுவேன்."

நான் மாற்றவில்லை. சித்தி சொன்னது இது:

'அய்யா செயலிக்காரங்களே, செத்துப்போன மனுஷன் பேர்ல என்னை ஸ்வெட்டர் அனுப்ப வெச்சுட்டீங்க. அவர் சம்சாரம் அவர் எங்கேன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல? அடுத்த அப்டேட்டுல வருவார்னு சொல்லவா?'

அனுப்பியதும் கறுப்புத் திரையில் தானாக ஒரு பதில் வந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.'

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

இன்றைய பாடம், பயன்படுத்துகிறவர்கள் அனுப்பும் புகார்களைப் படிப்பது எப்படி என்பது. "எங்க டீமுக்கு நேத்து வந்தது ஒண்ணு காட்டறேன்" என்று சார் ப்ரொஜெக்டரால் சுவரில் ஒளியைப் பாய்ச்சினார். சித்தியின் வரிகள், என் தட்டச்சில், ஆள் உயரத்துக்கு நின்றன.

அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, சாரின் குழுதான் எங்கள் செயலியைச் செய்கிறது என்று. கேட்டதும் இல்லை.

கடைசி வரிக்கு வந்தபோது வகுப்பே சிரித்தது. என் வாயும் சிரிப்பதுபோல் இழுத்துக்கொண்டது. அதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.

"சிரிப்பா இருக்கு, சரி. ஆனா தகவல் இருக்கா?" என்றார் சார். "எந்தத் திரை, என்ன செஞ்சப்ப வந்துச்சு, ஒண்ணும் இல்ல. வெறும் கோபம். இதை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

"நீக்கிடலாம் சார்" என்றான் முந்திரிக்கொட்டை. மறுபடி சிரிப்பு.

நீக்கு. அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக் குலுக்கியது.

ஏழாவது பயிற்சியில் நான் கண்டுபிடித்த காரணமே அதுதான். பட்டியலில் ஒருவரை நீக்கினால், அவருக்குக் கீழே இருப்பவர்களின் புத்தகங்கள் ஒவ்வோர் இடம் மேலே ஏறுகின்றன. பெயர்கள் ஏறுவதில்லை. திரையில் மறைந்த பெயர் உள்ளே அதே இடத்தில் நிற்கிறது. பதினான்காவது ஆளை நீக்கினால், பதினைந்தாவது ஆளின் புத்தகம் பதினான்காவது பெயரில் வந்து உட்காரும். எங்கள் பட்டியலில் இறந்துபோன பெரியவர் பதினான்காவது. போர்வையோடு இருமுகிறவர் பதினைந்தாவது. மேலே உள்ள பதின்மூன்று பேருக்கு ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். வகுப்பில் கொடுக்கும் தவறு வகுப்புக்காகவே செய்த தவறு என்று நினைத்திருந்தேன்.

எழுந்து நின்றேன். வகுப்பில் நானாக எழுந்தது இதுதான் முதல் முறை.

"சார், அதை எழுதினது நான். சொன்னது என் சித்தி. ஏழாவது பயிற்சியில இருக்கறது நூலகம் இல்ல, எங்க கடை."

சார் ஒளியை அணைக்கப் போனார். பொத்தான் கிடைக்கவில்லை. அவர் சட்டை மேலேயே சித்தியின் எழுத்து ஓடியது.

"நிஜப் பிரச்சினையில பயிற்சி எடுத்தாத்தான்மா கத்துக்க முடியும்" என்றார். "டீம்ல மூணே பேர். யாராவது நல்ல விடை குடுத்தா அதையே அப்டேட்டுல போட்டுடலாம்னு இருந்தேன்."

"அப்போ நாங்க பீஸ் கட்டி உங்க வேலையைச் செய்யறோமா சார்?" என்றான் முந்திரிக்கொட்டை. அவன் வாழ்க்கையில் சரியான நேரத்தில் முந்திக்கொண்டது இதுவாகத்தான் இருக்கும்.

"காரணம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"காரணம் தெரியும். திருத்தத்தான் நேரம் இல்ல."

"தெரியும்னா ஒரு வரி எழுதியிருக்கலாமே. பேரை நீக்காதீங்க, நீக்கியிருந்தா அதே இடத்துல திரும்பச் சேருங்கன்னு. அவ்வளவுதானே? நாங்க அப்டேட்டுக்குக் காத்திருக்கவே வேண்டாமே."

"அப்படியெல்லாம் வெளிப்படையா எழுதினா, இருக்கற கடைங்களும் பயந்து போயிடும். சரிபண்ணிட்டு சொல்றதுதான் முறை."

முறை. அந்தப் பெண்மணி மாலை வரை வாசலில் உட்கார்ந்திருந்ததும் முறையோ?

"என்கிட்ட விடை இருக்கு" என்றேன். "முடிச்சு ரொம்ப நாளாச்சு. சந்தேகத்துல வெச்சிருந்தேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சாரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"பார்த்தியா? அப்போ இந்தத் தாமதத்துல உனக்கும் பங்கு இருக்கே."

வேறு நாளாக இருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். யார் எந்தப் பழியை நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். டேக் மாறியபோதும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றேன். "என்னோடது வீட்டுப்பாடம். உங்களோடது வேலை."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது.

பென் டிரைவைக் கையில் எடுத்துக் காட்டினேன். "இதைத் தர்றேன். அதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை எல்லாக் கடைக்கும் அனுப்புங்க. இப்பவே. நான் பார்க்கணும்."

சார் மற்ற இருவரிடம் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்றேன். வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது, ஒருவரும் பையை மூடவில்லை. அவர் யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஒளி இன்னும் அணையாததால் ஒவ்வொரு எழுத்தும் சுவரில் எங்களுக்குத் தெரிந்தது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி இரண்டு வரி போனார். "அதெல்லாம் வேண்டாம் சார், விஷயத்துக்கு வாங்க" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அழித்துவிட்டு விஷயத்தை எழுதி அனுப்பினார்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. சித்தி.

"ஏண்டி, அவனுங்க முதல் தடவையா மனுஷனுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கானுங்க. அவனுங்க மேல யாரோ நல்லா எரிஞ்சு விழுந்திருக்காங்க போல. ஆனா நீக்கின பேரை அதே இடத்துல திரும்பச் சேருங்கறான், எப்படிடி சேர்க்கறது?"

"திரும்பச் சேர்க்கலாம் சித்தி. வந்து சொல்றேன்."

"இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளா? நாசமாப் போறவனுங்க. சாப்பிட்டியா?"

பென் டிரைவை மேசையில் வைத்தேன். திங்கட்கிழமைக்குள் அப்டேட் வந்துவிடும் என்றார் சார். அவருடைய திங்கட்கிழமையை நம்பிக் கடையைத் திறக்க முடியாது. வீடு வரை நடந்தும் கோபம் தணியவில்லை, எழுதியும் தணியவில்லை. விடை சரியா என்ற சந்தேகம் மட்டும் இன்று வரவில்லை.

நாளை காலை, இல்லத்து மூட்டை வருவதற்கு முன் செய்ய வேண்டியது: பட்டியலில் பதினான்காவது இடத்தில் அந்தப் பெரியவரின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். துணிகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும்.