தப்பாகச் சொன்னால் சரி

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, எண் காட்டாத அழைப்பு ஒன்று மனைவியின் போனுக்கு வந்தது. தொண்டைக் கட்டியால் அவளுக்குக் குரல் சரியாக எழும்பவில்லை. விடுமுறையில் இருந்த கணவர், லிப்ட் மெக்கானிக், எடுத்தார். அவர்கள் பிழைக்க வந்திருந்த நாட்டின் மொழியில் ஒரு பெண் பேசினாள்.

"உங்க மனைவியோட பிறந்த தேதி?"

"முதல்ல நீங்க யாரு?"

"தேதி சொன்னாத்தான் யாருன்னு சொல்லலாம்."

"யாருன்னு சொன்னாத்தான் தேதி."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"யார்கிட்ட? ஏமாற நான் என்ன உன் தம்பியா?" என்றார் மெக்கானிக் மனைவியிடம்.

போன மாதம் தேன் ஒழுகும் தமிழில் பேசிய ஒருவனிடம் அந்தத் தம்பி தன் பிறந்த தேதியைச் சொன்னான். சாயங்காலத்துக்குள் தம்பியின் போன் எண்ணே மோசடிக்காரன் கைக்கு மாறிவிட்டது.

"அவனை வம்புக்கு இழுக்கலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்றாள் மனைவி கரகரத்த குரலில்.

அடுத்த செவ்வாயும் அதே அழைப்பு, அதே சண்டை. வியாழனன்று மருத்துவமனையின் பெயரில் கடிதம் வந்தது: அறுவை சிகிச்சைக்குத் தேதி சொல்ல இருமுறை அழைத்தோம், மூன்றாம் முறையும் பேச முடியாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

நான்கு மாதம் காத்திருந்த பட்டியல். மெக்கானிக் கடிதத்தையும் நம்பவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்த எண்ணை அழைக்காமல், மனைவியோடு நேரே மருத்துவமனைக்கே போனார்.

கடிதம் உண்மைதான். வரவேற்பு மேசைப் பெண் விளக்கினாள்: போனை எடுப்பவர் யாரென்று உறுதியாகாமல் மருத்துவமனையின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. நோய் ரகசியம்.

மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன. "கதவு மூடினாத்தான் லிப்ட் நகரும். லிப்ட் நகர்ந்தாத்தான் கதவு மூடும்னு இன்னொருத்தன் பூட்டு போட்டா? எந்தக் காலத்துல ஓடும்?"

"அதுக்கு வழி இருக்கு" என்றாள் அவள். கோப்பில் ஒரு கட்டம் உண்டு. நோயாளி தரும் சொல்லை அதில் எழுதிவைத்தால், அழைப்பவர் முதலில் அதைச் சொல்வார்.

மனைவி யோசித்து, "பழம்" என்ற தமிழ்ச் சொல்லை அந்நாட்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மேசைப் பெண் வாசித்துப் பார்த்தாள்: "பஸ்ஹம்."

"தப்பா சொல்றாங்களே!" என்று பதறினார் மெக்கானிக்.

"அதாங்க வேணும். தம்பியை ஏமாத்தினவனுக்கு 'ழ' நல்லாவே வந்துச்சு."

செவ்வாய், பதினொரு மணி. எண் இல்லை. இம்முறை மனைவியே எடுத்தாள்.

"பஸ்ஹம்" என்றது குரல்.

அவள் பிறந்த தேதியைச் சொன்னாள். திங்கள் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

மெக்கானிக் ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டினார்: "பஸ்ஹம் என்றால் மருத்துவமனை, தேதியைச் சொல்லலாம். பழம் என்றால் வைத்துவிடு."