சின்னவளின் சாப்பிராச் செடிகள்

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் பெரியவளும் சின்னவளும். வீட்டுக்குப் பின்னால் ஆளுக்குப் பாதி நிலம். இரண்டிலும் சாப்பிராச் செடிகள். முள்முள்ளான அந்தக் காயைப் பிளந்தால் உள்ளே சிவப்பு விதைகள் இருக்கும். வெண்ணெய்க்கும் சோப்புக்கும் நிறமேற்ற, சாயக் கம்பெனிக்காரர் வந்து வாங்கிப்போவார்.

அந்த வருஷம் அவர் பெரியவளின் விதையை உள்ளங்கையில் தேய்த்தார். வெளிறிய ஆரஞ்சு. சின்னவளுடையதைத் தேய்த்ததும் கை செக்கச்செவேலென்று ஆனது.

"அடேயப்பா, இதுல்ல நிறம்!" என்றவர் பெரியவளிடம் திரும்பி, "நீங்களும் இவங்ககிட்ட கொஞ்சம் கேட்டுக்கலாமேம்மா" என்றார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவளிடம் போய்க் கேட்பதா? அன்றிலிருந்து சின்னவள் சிரித்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, எதைச் சொன்னாலும் "என்னது?" என்று கேட்கும் மாமனாருக்கு இந்தச் சேதி மட்டும் சரியாகக் காதில் விழுந்திருந்தது. "சின்னவளுக்குக் கைராசி" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

சின்னவள் தாய்வீடு போன ஒரு மத்தியானம், பெரியவள் அரிவாளோடு வேலியைத் தாண்டினாள். எல்லாச் செடியையும் இடுப்பளவுக்கு மொட்டையடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

திரும்பி வந்த சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆடு மேஞ்சிருக்கும்" என்றாள் பெரியவள்.

"ஆடு அரிவாளோடவா வந்துச்சு, அக்கா?"

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

மழை பெய்தது. வெட்டிய இடத்திலெல்லாம் கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது. அடுத்த பருவத்தில் இலை தெரியாமல் காய்த்துத் தொங்கியது.

"கவாத்து பிரமாதம்! இப்படி அளவா வெட்டிவிட்டது யாரு?" என்றார் கம்பெனிக்காரர்.

"எங்க அக்காதான்" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு முகம் செத்துப்போனது. அவர் போனதும், "தெரிஞ்சும் ஏன்டி அதுக்கு மேல கேக்கல?" என்றாள்.

"அன்னிக்கு ராத்திரி கேக்கத்தான் வந்தேன். கையெல்லாம் கொப்புளமா உக்காந்திருந்தீங்க. ரொம்ப நாள் உங்க மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல. அப்புறம் செடி துளிர்க்க ஆரம்பிச்சுதா, எனக்குக் கோபப்பட நேரமில்லாம போச்சு."

பெரியவள் தரையைப் பார்த்தபடி, "என் செடியையும் வெட்டினா நிறம் வருமா?" என்றாள்.

"வராதுக்கா, அது வேற ஜாதி. என்னோடதுல கிளை ஒடிச்சுத் தரேன், நட்டுக்கோங்க."

நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து நட்டாள் பெரியவள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள், சின்னவளுடையதைவிடத் தன்னுடையது ஒரு விரலாவது உயரமாக வளர்ந்திருக்கிறதா என்று.