பதினோரு ஐயப்பன் டேப்புகள்

1

2006 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. மதுரை திருநகரில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், ‘ஐயப்பன் பக்திப் பாடல்கள்’ என்று லேபிள் ஒட்டிய பதினோரு டேப்புகளில் ஐயப்பன் பாடல் ஒன்றுகூட இல்லை என்பது தெரியவந்தது.

இது கதையாக வந்திருக்க வேண்டியதில்லை. நாளிதழில் இரண்டு வரித் திருத்தமாக வந்திருக்க வேண்டியது. 2007 மார்ச்சில் நான் ஒரு சின்னச் செய்தி எழுதினேன். கிடப்பில் கிடந்த மூன்று தமிழ் ராப் ஆல்பங்களை இத்தனை ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்த இசைத் தயாரிப்பாளர் சாய்பிரசாத், அவற்றை வெளியிடப்போகிறார் என்று. மறுநாள் காலை அவரே போனில் வந்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“தப்பாப் போட்டுட்டீங்க சார். நான் எங்க பாதுகாத்தேன்? அழிக்கச் சொன்னவனே நான்தான்.”

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பசுமலையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் சாய்பிரசாத் தன் கருவிகளுக்கு நடுவே

(நிறுத்திவிட்டேன். அது ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே வெயில் வர வழியில்லை.)

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை. 1998இல், பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே, ஜவுளிக்கடைத் தள்ளுபடியை மைக்கில் கத்திக்கொண்டு ஒரு ஆட்டோ போனது. சாய்பிரசாத் ஸ்கூட்டரில் அதன் பின்னாலேயே பழங்காநத்தம் வரை போனார். தள்ளுபடிக்காக அல்ல. உள்ளே பேசுகிறவன் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்திப் பாடல் பதிவில் அவர் காதை நம்பாத பாடகர் மதுரையில் கிடையாது. அந்தக் காதுக்கே பிடிபடவில்லை.

பேசியவன் செக்கானூரணிப் பக்கத்துக் கருத்தக்கண்ணன். இரண்டரை ஆண்டுகளில் இருவரும் மூன்று ஆல்பங்கள் முடித்தார்கள். சென்னைக் கம்பெனிக்காரர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?” என்றார். அதோடு மூன்றும் அலமாரிக்குப் போயின.

3

அந்த டேப்புகள் வீடியோ கேசட் அளவில் இருக்கும். அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தலாம். 2001 ஐப்பசியில் ஐயப்பன் பாட்டு சீசன் நெருங்கியது. கையில் காலி டேப் இல்லை. “கண்ணன் டேப்பையெல்லாம் அழிச்சு வை” என்று சாய்பிரசாத் மனைவியிடம் சொன்னார். டேப் அலமாரி அலர்மேல்மங்கையின் பொறுப்பு. (அவர்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவார்கள். எனக்கு அது தெரியாது. அவர்கள் எனக்குத் தமிழில் சொன்னதையே எழுதுகிறேன்.)

கண்ணனிடமும் சாய்பிரசாத்தே சொன்னார். மறைக்கவில்லை.

“என் குரலு மேலயே சாமி பாட்டை ஏத்தப்போறீகளாண்ணே?” என்றான் கண்ணன். “நல்லா ஏத்துங்க. இந்தப் பக்கம் இனி வர மாட்டேன்.”

வரவில்லை. ஐந்து ஆண்டுகள்.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை. பழைய ஐயப்பன் பாடல்களைக் குறுந்தகடாகப் போட மூலப்பதிவு கேட்டு, பக்திக் கம்பெனியிலிருந்து பேச்சிமுத்து வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி உட்கார்ந்தார். சாய்பிரசாத் முதல் டேப்பை ஓடவிட்டார்.

‘பெரியார் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், ஊருக்குப் போற பஸ்ஸு வரல
கொட்டகைப் படத்துக்குத் தொண்டை கிழியக் கத்துனேன், எனக்கொரு டிக்கெட்டு தரல’

பேச்சிமுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “இது எந்த மலை ஐயப்பன்ணே?”

லேபிள் மாறிப்போச்சு என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, சாய்பிரசாத் மீதிப் பத்தையும் போட்டுப் பார்த்தார். பதினொன்றிலும் கண்ணன். கேட்டு முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

4

இந்த இடத்தில் அலர்மேல்மங்கையை நான் தவறாக எழுதிவிட்டேன். ‘யாருக்கும் தெரியாமல் அந்தப் பாடல்களை அவள் நேசித்தாள்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளத் திருநகர் போனேன்.

“எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுங்க. தலைவலி” என்றார் அவர்.

வாக்கியத்தை அடித்தேன். அப்படியென்றால் ஏன்?

“அவர் அழிக்கச் சொன்னது பதினொண்ணு. நானும் பதினொண்ணு அழிச்சேன். வேற பதினொண்ணு. போன வருஷத்து ஐயப்பன் பாட்டு ஏற்கெனவே கேசட்டா வந்து ஊரெல்லாம் பாடுது. அந்தத் தம்பி பாட்டு இங்க மட்டும்தான் இருந்துச்சு. எதை அழிச்சா மிச்சம் இருக்கும், நீங்களே சொல்லுங்க.” அழித்த டேப்புகளின் லேபிளை உரித்து, கண்ணன் டேப்புகளின் மேல் ஒட்டியிருக்கிறார். சாமி பேர் போட்டிருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

“சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அடுத்த சீசனுக்கு அழிச்சிருப்பார். சாமிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்.”

பக்கத்தில் சாய்பிரசாத் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். “அஞ்சு வருஷம், எனக்கே தெரியாம என்னை நல்லவனா வச்சிருந்திருக்கா சார்.”

திருத்தம் போடுகிறேன் என்றேன். அவர் பதறினார். சாமி பாட்டை அழித்தவள் என்று பேப்பரில் வந்தால் பக்திக் கம்பெனிகள் இந்தப் படி ஏறுமா? கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும்னா கதையா எழுதுங்க. கதையை யாரு நம்பப்போறா?” என்றார்.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இப்படித்தான் கதையானது.

5

டேப் கிடைத்துவிட்டது. கண்ணன் சம்மதிக்காமல் வெளியிட முடியாது. அந்த 2006 செப்டம்பரிலேயே சாய்பிரசாத் செக்கானூரணிக்குப் பஸ் ஏறினார். ‘உனக்காகத்தான் ஒளிச்சு வச்சிருந்தேன் கண்ணா’ என்று சொன்னால் ஒரே வரியில் எல்லாம் சரியாகிவிடும். அதைப் பஸ்ஸில் நாலு தடவை சொல்லிப் பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டார். எனக்கும் அந்த முடிவு வசதியாக இருந்தது. ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

கண்ணன் அப்போது லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சாய்பிரசாத் ஒரு கேசட்டை நீட்டினார். வேனிலேயே போட்டான். மூன்று பாட்டு ஓடியது.

“எம்புட்டு மூச்சு இருந்திருக்கு எனக்கு” என்றான். பிறகு திரும்பினான். “அழிச்சிட்டேன்னீக?”

“அழிக்கச் சொன்னேன். அது நிஜம். அழியாம இருக்குறதுக்கு நான் காரணம் இல்ல.”

“அப்புறம் யாரு?”

“மங்கை.”

“மதினியா? நான் பாடுறப்பல்லாம் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு டீ கொண்டாருமே, அந்த மதினியா?” வேன் குலுங்கச் சிரித்தான். சிரிப்பு நின்றதும் கேசட்டை வெளியே எடுத்தான். “போடுங்கண்ணே. ஆனா மதினி பேரு மொத வரியில வரணும். இல்லாட்டி என் குரலும் வரக் கூடாது.”

6

பேர் போட்டால் எதற்கு என்று கேட்பார்கள் என்றார் அலர்மேல்மங்கை. பேர் இல்லாமல் விட மாட்டேன் என்றான் கண்ணன். ஆறு மாதம் இது ஓடியது. இடையில் கண்ணன் திருநகர் வீட்டுக்கு நேரில் வந்து கேட்டானா? வந்தான் என்கிறார் சாய்பிரசாத். போனில்தான் பேசினேன் என்கிறான் கண்ணன். கேட்டால் அலர்மேல்மங்கை டீ போடப் போய்விட்டார். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து, இரண்டையும் எடுத்துவிட்டேன். எது நடந்திருக்கும் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

2007 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஆல்பங்களும் வெளியாயின. ஒவ்வொன்றும் ஐந்நூறு பிரதிகள். உறையின் உட்பக்கத்தில் முதல் வரி: ‘நன்றி: அலர்மேல்மங்கை’. எதற்காக என்று அச்சிடவில்லை.