தண்ணீர் தொடாத நெவில் பரிட்ஜ்

உரிமம் காலாவதியான மறுநாள் காலையிலிருந்து நெவில் பரிட்ஜைத் தண்ணீர் தொடுவதில்லை. குயின்ஸ்டவுனில் வெகுகாலமாகக் குழாய் வேலை பார்த்தவன் அவன். கையை நீட்டினால் தண்ணீர் விரல்களை விட்டு வளைந்து விழுந்தது. மழை ஓயாத அந்த ஊரில் உலர்ந்த தலையோடு கடைத்தெருவில் நடந்தான். உதட்டருகே கொண்டுபோனால் தேநீர் கோப்பையின் மறுபுறம் ஒதுங்கிக்கொண்டது. பீர் மட்டும் தொண்டையில் இறங்கியது. மதுக்கடைக்காரர் தன் உரிமத்தை ஒழுங்காகப் புதுப்பித்திருந்தார், அதனால்தான் என்றார்கள் ஊரார். அதற்கு மேல் யோசிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

நெவிலைப் பெரிய கைகாரன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் மாட்டிய குழாய்களில் பாதி ஒழுகின. உரிமத்தைப் புதுப்பிக்க வாரியம் வருடாவருடம் கேட்கும் பயிற்சிப் புள்ளிகளை அவன் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் சோம்பலும் திமிரும்தான். பயிற்சியின் லட்சணமும் அதற்குக் குறைந்ததல்ல. ஹோபார்ட்டிலிருந்து பிரெண்டன் லெக்கி என்பவன் வந்து, ஏணியில் ஏறுவது எப்படி என்று படம் காட்டுவான். ஏணியிலேயே காலம் கழித்து வயதானவர்கள் கண்ணைத் திறந்தபடி தூங்கிவிட்டு, மாலையில் புள்ளிகளோடு வீடு திரும்புவார்கள். நெவிலின் மனைவி நோலீன் மின்பணியாளர். தவறாமல் போய்த் தூங்கிவிட்டு வந்ததால் மின்சாரம் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது.

குளிக்க முடியாத புருஷனை அவள் ஒரு கோடை முழுக்கச் சகித்தாள்.

"ஒருநாள் போய் உக்காந்துட்டு வாயேன். உன் கிரீடம் என்ன கழண்டா விழுந்துடும்? பக்கத்துல படுக்க முடியல."

"அந்த லெக்கிப் பய எனக்குக் குழாய் சொல்லித் தரணுமா? நாறினா நாறிட்டுப் போறேன், போ."

அவன் படுக்கை கார் கொட்டகைக்குப் போனது.

ஆகஸ்டில் பயிற்சி நடந்த அன்று ஆறு கரை மீறி மண்டபத்துக்குள் வந்தது. லெக்கி வெள்ளத்தில் மின்விபத்தைத் தவிர்ப்பது பற்றிப் படம் காட்டிக்கொண்டிருந்தான். காலடியில் தண்ணீர் ஏறியும் ஒருவரும் எழவில்லை. பாதியில் எழுந்தால் புள்ளி போய்விடும். நோலீன் மட்டும் நிலவறைக்கு இறங்கி மின்சாரத்தை நிறுத்தினாள். விளக்குகள் அணைந்தன. வெள்ளம் நிலவறைக் கதவை அழுத்தி மூடிக்கொண்டது.

"கையெழுத்துப் போடாம யாரும் கிளம்பாதீங்க," என்றான் லெக்கி இருட்டில்.

தூங்குமூஞ்சிகளைக் கேலி செய்வதற்காக வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த நெவிலின் காதில் அவள் அலறல் விழுந்தது. அவன் உள்ளே ஓடினான். தண்ணீர் விலகி வழிவிட்டது, படிகள் உலர்ந்தன, கதவு தானாகத் திறந்தது. கழுத்தளவு வெள்ளத்தில் பெஞ்சின் மேல் நின்றிருந்த நோலீனை அவன் கட்டிக்கொண்டதும் வெள்ளம் சுவரோரம் ஒதுங்கியது. அவன் அழுதான். கண்ணீர் கன்னத்தைத் தொடாமல் நேரே தரையில் விழுந்தது.

"நாறுதுய்யா," என்றாள் அவள், நடுங்கிக்கொண்டே. "ஆனா விட்டுடாதே."

வகுப்பில் உட்கார்ந்தே இருந்த அனைவருக்கும் முழுப் புள்ளி கிடைத்தது. நடுவில் எழுந்துபோன நோலீனுக்குப் பாதியை வெட்டினான் லெக்கி. அதைக் கேட்டவர்கள், விதி என்றால் விதிதானே என்றார்கள்.

நெவில் அடுத்த வருடமும் பயிற்சிக்குப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஆறு பொங்கும் நாட்களில் பள்ளமான தெருமுனையில் அவனை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். வெள்ளம் வந்து, அவனைப் பார்த்து, திரும்பிப் போகிறது. நன்றி சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. பேக்கரிக்காரி மட்டும் ஜன்னலைத் திறந்து கத்துவாள்: "நெவில், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காருப்பா, என் கடைக்குள்ள வருது!"

அவன் முனகிக்கொண்டே நாற்காலியை நகர்த்துவான்.