பத்தரை மணிப் பனி

கருமக்கிரியை முடிந்த மறுநாள் காலை, புக்கிட் ரம்பாய் ஊரில் ஹரிதாஸின் வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். மலையேற்றக் குழுத் தலைவர் திருச்செல்வம் காற்றாடிக்கு நேர் கீழே, மெத்தை நாற்காலியில். இறந்துபோன ஹரிதாஸின் அப்பா வீரமுத்து வாசலோரம், பிளாஸ்டிக் நாற்காலியில். ஹரிதாஸோடு இமயமலைக்குப் போய்த் திரும்பிய நல்லமுத்து தரையில், சுவரில் சாய்ந்தபடி. சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக ஹரிதாஸின் மனைவி புனிதா. குழுவின் கடிதங்களை எப்போதும் அவள்தான் எழுதுவாள்.

"எழுதும்மா. வழிகாட்டி பிரேம் சிங் எச்சரிக்கவே இல்ல, அவன் லைசென்ஸப் பறிக்கணும்னு அவங்க சங்கத்துக்கு எழுது" என்றார் திருச்செல்வம்.

"எச்சரிக்கலையா, நல்லமுத்து?" என்று கேட்டாள் புனிதா.

நல்லமுத்து தலைவரைப் பார்த்தான், தலை குனிந்தான். "கத்துனான் அண்ணி. உச்சியில நின்னு, ஒம்பது மணிக்கே இறங்குங்கன்னான். சித்திரை வெயில்ல பனி இளகிரும், அந்த விளிம்பு வெறும் காத்து கட்டுன பனிக்கூரை, கீழ பாறையே இல்லன்னான்."

"அப்புறம் ஏன்டா இறங்கல?" என்றார் வீரமுத்து.

"சனிக்கிழமை பெரியப்பா. பத்தரை வரைக்கும் ராகு காலம். அது முடிஞ்சு கற்பூரம் ஏத்திட்டு இறங்கலாம்னு தலைவர் உட்கார வச்சுட்டாரு."

"நானா ஆரம்பிச்சேன்?" திருச்செல்வம் சீறினார். "ஹரிதாஸ்தான் ராகு காலம்னு வந்த மெசேஜக் காட்டி போனை நீட்டுனான். அந்த மெசேஜ யார் அனுப்புனதுன்னு கேளு லா!"

புனிதாவுக்குத் தெரியும். 'ராகு காலத்துல கற்பூரம் ஏத்திராதீங்க' என்று, அவர்கள் உச்சிக்கு ஏறுவதற்கு முந்தின நாள் அவள்தான் அனுப்பியிருந்தாள். சரியாகப் பத்தரைக்குக் கற்பூரத்தோடு விளிம்புக்கு நடந்தான் ஹரிதாஸ். சத்தமே இல்லாமல் அவனோடு சேர்ந்து பனியும் போயிற்று.

திருச்செல்வம் குரலைத் தணித்தார். "அந்த வழிகாட்டி எங்கயோ இருக்கிறவன். நீ இங்கயே வாழணும். அவன் பேர எழுதிட்டா உன் பேரு வெளிய வராதும்மா."

"அனுப்புனது நீதானா?" என்று கேட்டார் வீரமுத்து.

"ஆமா மாமா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பாராமல் வெளியேறினார்.

புனிதா எழுதினாள். பிரேம் சிங் எச்சரித்தது முதலில். தலைவர் உட்காரவைத்தது அடுத்து. தன் செய்தி, ஒரு சொல் குறையாமல், கடைசியில்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று எழுந்துபோனார் திருச்செல்வம்.

நல்லமுத்து போட்டான்.

உறையை ஒட்ட அவள் நாக்கில் ஈரமில்லை. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள். அஞ்சலகத்தில், முகப்பில் இருந்த பெண் முத்திரை குத்திப் பைக்குள் போடும்வரை நின்றுவிட்டு வெளியே வந்தாள்.