பன்னிரண்டு குளிர்காலம் தாங்கும் பேட்டரி

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் வேலை முடிந்து வருகிறவர்கள் கையில் பேட்டரியோடுதான் மாடி ஏறுவார்கள். காரைக் கீழே போர்வை போர்த்தி விட்டுவிடலாம். பேட்டரியை விட முடியாது. சைபீரியாவில், எங்கள் யாகுட்ஸ்க் நகரத்தின் ஜனவரியில் ஓர் இரவு வெளியே கிடந்த பேட்டரி விடியும்போது செங்கல்தான். அப்படி ஆகிவிட்டால் பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். இங்கே இதற்கு 'நெருப்பு கேட்பது' என்று பெயர். சிகரெட்டுக்கு நெருப்பு கேட்பதுபோல யாரும் யாரிடமும் கேட்கலாம். கேட்டால் மறுப்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கேபிளை நீட்டுவார்கள்.

மறுத்தவர் ஒருவர் உண்டு. இரண்டாம் மாடியில் இருக்கும் புரோகோப்பி அந்த்ரோசவ்.

அவர் கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் இரண்டு மூன்று குளிர்காலத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்றுவோம். அவருடையது ஒன்பதாவது குளிர்காலத்தில் இருந்தது. மூலை ஒன்று உடைந்த கறுப்புப் பெட்டி அது. தூரத்திலிருந்து பார்த்தாலும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. கடைத்தெரு வரை போய்த் திரும்புகிற சின்ன ஓட்டத்துக்குக் காரை எடுக்கக்கூடாது. எடுத்த சக்தி திரும்பி ஏறுவதற்குள் வீடு வந்துவிடும். எஞ்சினை அணைப்பதற்கு முன்னால் விளக்கு, ஹீட்டர், பாட்டு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். முனைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவ வேண்டும். பாதி காலியான பேட்டரிதான் உறைந்து வெடிக்கும், நிறைந்தது உறையாது. இதெல்லாம் சரியான பேச்சுதான். கடைசியில் ஒன்று சொல்வார்.

"யாருக்கும் நெருப்பு கொடுக்காதே. ஒரு தடவை கொடுத்தா அதோட ஆயுசுல ஒரு குளிர்காலம் போச்சு."

அந்த ஒன்பதாவது குளிர்காலத்துக்கு இரண்டு வருடம் முன்பு, ஜனவரியில், பனிமூட்டம் எதிர்ச் சுவரை மறைத்த ஒரு காலை. ஐந்தாம் மாடியில் பேருந்து ஓட்டுநர் கவ்ரீல் தேநீர்க் கோப்பையோடு சரிந்து விழுந்தார். மூட்டத்தில் ஆம்புலன்ஸ் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வர்வரா கீழே ஓடி வந்து காரைக் கிளப்பிப் பார்த்தாள். கிளம்பவில்லை. நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டிருந்தோம். முற்றத்தில் நின்ற இன்னொரு கார் புரோகோப்பியுடையது. அவள் அவர் கதவைத் தட்டினாள். சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரற்கடை திறந்து அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மூடினார் என்பது வர்வரா சொன்னது. யாரும் தட்டவே இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது புரோகோப்பி சொன்னது. பார்த்த மூன்றாவது ஆள் கிடையாது.

அவள் கவ்ரீலைக் கம்பளத்தில் சுற்றி மாடிப்படியில் இறக்கி, பிள்ளைகளை இழுக்கும் சறுக்குப் பலகையில் கிடத்தி, பெரிய சாலை வரை இழுத்துப் போனாள். அவருடைய வழித்தடப் பேருந்துதான் நின்று ஏற்றிக்கொண்டது. தாமதமாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்லை." தேநீர் வேண்டுமென்றாலும் இல்லை, சிரித்தாலும் இல்லை.

எங்கள் முற்றத்தில் பாதிப் பேர் வர்வராவை நம்பினார்கள். மீதிப் பேர், பதற்றத்தில் அவள் வேறு கதவைத் தட்டியிருப்பாள் என்றார்கள். கணவனுக்கு விழுந்த அடியைவிட அவளுக்கு அதுதான் உறுத்தியது என்று நினைக்கிறேன். நான் நான்காம் மாடி. மாலையில் மேலே போய்க் கவ்ரீலுக்குச் செய்தித்தாள் வாசிப்பேன். ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே வர்வரா சொன்னாள்.

"அந்த ஆள் வாயாலயே அதை வரவழைப்பேன். இவர் காதுல விழணும். அதுவரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை."

போன டிசம்பரில் உள்ளூர்த் தொலைக்காட்சி, குளிர்கால யோசனைகள் சொல்லும் நிகழ்ச்சிக்கு ஒன்பது குளிர்காலம் கண்ட பேட்டரியைப் படம் பிடிக்க வருவதாக ஆயிற்று. சொல்லிவிட்டவர் புரோகோப்பியேதான். முற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தொலைக்காட்சிக்குத் தெரியாது. பேட்டரி அந்தக் குளிர்காலத் தொடக்கத்திலேயே சாகக் கிடந்தது. காலையில் அவர் கார் இருமுவதும், அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடுத்த தெரு டாக்ஸிக்காரர்களிடம் நெருப்பு கேட்கப் போவதும் எங்கள் ஜன்னல்களுக்குத் தெரியும்.

முதல் மாடி அஃபனாசிக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு கேமரா முன்னாடி நாம அத்தனை பேரும் கேபிளைத் தூக்கிட்டு வரிசையா நிக்கணும்க்கா. 'பெருசு, இன்னிக்கு யார் முறை?'ன்னு கேக்கணும். அவ்வளவுதான், ஆள் காலி."

"ஒரு நாள் காலி," என்றாள் வர்வரா. "மறுநாள் புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிக்குவாரு. உங்களுக்கும் மறந்துபோகும். யாரும் வர வேண்டாம்."

அன்று மாலை அவள் இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினாள். அப்போதும் சங்கிலி போட்டபடிதான் திறந்தது.

"உங்க பேட்டரி நாளைக்குக் கிளம்பாது. எங்கிட்ட குடுங்க."

அவள் பேருந்துப் பணிமனையில் பேட்டரி அறையில் வேலை செய்கிறாள். அது அவருக்கும் தெரியும்.

"நீ எதுக்கு எனக்குச் செய்யணும்?"

"ஒன்பதுன்னு டிவியில சொல்லணுமா, வேண்டாமா?"

சங்கிலி கழன்றது. பேட்டரியைக் கையில் வாங்கிக்கொள்ள அவள் மறுத்துவிட்டாள். "நீங்களே தூக்கிட்டு வாங்க. அஞ்சாம் மாடி." எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் அதைக் கீழே வைத்து மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

கவ்ரீலின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் இடது காலுக்கு அருகே, ஒரு பலகை போட்டு வைத்திருந்தாள். அங்கே வைக்கச் சொன்னாள். மூடிகளைத் திறந்து உள்ளே பார்த்தாள். தகடுகள் வெளியே தெரியும்படி தண்ணீர் குறைந்திருந்தது. காய்ச்சி வடித்த நீரைக் குறி வரை விட்டாள். ஜன்னலின் சின்னக் கதவைத் திறந்துவைத்து, சார்ஜரை மிகக் குறைவாக வைத்தாள்.

"மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா வெந்து போயிடும். உக்காருங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாக்கணும்."

"நான் போயிட்டு வரேனே."

"பொறுப்பானவர் பக்கத்துலயே இருக்கணும். வீட்டுக்குள்ள ஆசிட், விளையாட்டில்லை."

கவ்ரீலுக்கு எதிரே ஒரு முக்காலிதான் இருந்தது. புரோகோப்பி அதில் உட்கார்ந்தார். கவ்ரீல் அவரையே பார்த்தார். நோய் வந்தபிறகு அவருக்கு இமைப்பது குறைந்துவிட்டது.

மறுநாள் கேமரா வந்தது. சாவி திருகியதும் கார் கிளம்பியது. அஃபனாசி என் காதில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். தொலைக்காட்சிப் பெண் மூக்கில் பனி பூக்க ஒலிவாங்கியை நீட்டினாள். புரோகோப்பி தன் விதிகளை அடுக்கினார்.

"ஆனா அவசரத்துக்கு யாராவது வந்து நெருப்பு கேட்டா, அங்கிள்?"

"எங்கிட்ட யாரும் கேட்டதே இல்லைம்மா."

வர்வரா ஐந்தடி தள்ளி நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

உற்சாகத்தில் அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "பன்னிரண்டு! பன்னிரண்டு குளிர்காலம் முடியறதுக்கு முன்னாடி நான் புதுசு வாங்கினா, இதே கேமரா முன்னாடி இந்தத் தொப்பியைக் கொளுத்தறேன்!"

அது நல்ல நரித்தோல் தொப்பி. நிகழ்ச்சி ஊர் முழுக்க ஓடியது. சந்தையில் உறைந்த மீன் விற்கிறவர்கள்கூட அவரைப் 'பன்னிரண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "என்ன பன்னிரண்டு, கிளம்புச்சா இன்னிக்கு?"

கேமரா போனதும் வர்வரா அவரிடம் சொன்னாள்: "சாயங்காலம் கொண்டு வாங்க. சொல்லிட்டீங்களே."

அவர் ஒரு நாள் போகாமல் இருந்து பார்த்தார். தன் வீட்டிலேயே கணப்பின் பக்கத்தில் வைத்து அதைச் சூடாக்கினார். காலையில் கார் ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. முற்றத்தில் எங்கள் கார்கள் புகை விட்டுக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு கார் ஜன்னலாகப் போய் நெருப்பு கேட்டார். அஃபனாசி கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான்.

"குடுத்தா என் பேட்டரி ஆயுசு போயிடுமே, பெருசு. டிவியில நீங்கதானே சொன்னீங்க?"

நிகழ்ச்சி பார்த்த அடுத்த தெரு டாக்ஸிக்காரர்களும் அதையே சொன்னார்கள். நெடுஞ்சாலையில் நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம். அங்கே மறுத்தால் அது கொலை. இங்கே அவருக்கு வீடு இருபதடியில் இருந்தது. அன்று மாலை மாடிப்படியில் மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. தூக்குவது, வைப்பது, மூச்சு வாங்குவது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. வர்வரா அந்தப் பேட்டரியைப் பார்த்துக்கொண்டதுபோல யாரும் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நான் கண்டதில்லை. அடர்த்தி பார்ப்பாள். முனைகளைச் சோடா நீரில் கழுவுவாள். வெள்ளை பூத்த தகடுகளுக்காக இரவெல்லாம் துளித்துளியாக ஏற்றுவாள். அஃபனாசிக்குக் கோபம்.

"உனக்கு என்னக்கா ஆச்சு? அந்த ஆளுக்கு சேவகம் பண்றியா? ஒரு தடவை சார்ஜரை மாத்திப் போடு, கதை முடிஞ்சுது."

"செத்துட்டா அவர் ஏன்டா மேல வரப்போறாரு?"

அவன் படியில் உட்கார்ந்து சிரித்தான்.

தினமும் ஒரு மணி நேரம் முக்காலியில். முதலில் புரோகோப்பி பேசினார்: வானிலை, குதிரைக்கறி, ஓய்வூதியக்காரர் சங்கம். கவ்ரீல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. வர்வரா அவர் முன்னால்தான் கணவனுக்குக் கஞ்சி ஊட்டுவாள், வாயோரம் வழிவதைத் துடைப்பாள், வலது கையை மடக்கி நீட்டுவாள். ஒரு நாள் "அந்தத் துணியைக் குடுங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். பிப்ரவரியில் அவர் முக்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வர்வரா அதை மறுபடி நேராக்கி வைத்தாள்.

மார்ச் கடைசியில் கூரை விளிம்பில் பகலில் நீர் சொட்டத் தொடங்கியது. நான் அன்று செய்தித்தாளோடு மேலேதான் இருந்தேன். புரோகோப்பி பேட்டரியைப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகம் ஒடுங்கியிருந்தது.

"நாளைலேர்ந்து தேவைப்படாது," என்றாள் வர்வரா. "கார்லயே இருக்கட்டும்."

நல்லது என்று அவர் எழுந்திருக்கலாம். எழவில்லை. கவ்ரீலைப் பார்க்காமல், அவர் செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"கவ்ரீல். அன்னிக்கு இவ வந்தா. கதவைத் தட்டினா. நான் தூங்கல. கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், ஜன்னல் வழியா இவ காரைத் திருகறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கதவைத் தொறந்தேன். மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் இவ உன்னை இழுத்துக்கிட்டுப் போறதையும் பாத்தேன்."

வர்வரா அடுப்பருகே கரண்டியோடு நின்றாள். இரண்டு வருடம் இதற்காகவே இருந்தவள். அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பெரிய சுமையை இறக்கியவர்கள்போல ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"சரி," என்றாள். "போங்க. அதை அங்கேயே விட்டுட்டுப் போங்க, பணிமனையில பழைய பேட்டரியோட போட்டுடறேன். புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க. தொப்பியைக் கொளுத்தறதும் வெச்சுக்கறதும் உங்க பாடு."

புரோகோப்பி எழுந்தார். அழுதுகொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லை."

கவ்ரீல். அவர் எல்லாவற்றுக்கும் சொல்லும் சொல்தான். நாங்கள் கவனிக்கவில்லை.

"இல்லை!"

அவர் நாற்காலியிலிருந்து சாய்ந்து, இடது கையைப் பேட்டரியின் மேல் வைத்திருந்தார். உடைந்த மூலையைப் பிடித்துத் தன் காலருகே இழுத்துக்கொண்டார். பிறகு சுவரில் தொங்கிய சார்ஜர் கம்பியைப் பார்த்தார். பிறகு வர்வராவை. அந்தப் பார்வையில் நன்றி இல்லை, கட்டளைதான் இருந்தது. புரோகோப்பியின் பக்கம் திரும்பி மூன்று விரலை உயர்த்தினார்.

ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் குளிர்காலங்கள்.

வர்வரா அந்த விரல்களைப் பார்த்தாள். அவளுடைய கணக்கு முடிந்திருந்தது. கவ்ரீலின் கணக்கை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வந்து குனிந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"உக்காருங்க," என்றாள் புரோகோப்பியிடம். "ஒரு மணி நேரம் ஆகும்."

கோடையெல்லாம் பேட்டரி காரிலேயே கிடந்து நன்றாக ஓடியது. அக்டோபரில் லேனா ஆற்றில் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கிய வாரம், நான் மேலே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சத்தம் கேட்டது. தூக்குவது, வைப்பது, மூச்சு வாங்குவது. யாரும் கூப்பிடவில்லை.

கவ்ரீல் கையை உயர்த்தி என்னை வாசிப்பை நிறுத்தச் சொன்னார். இடது காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.